கொல்லிமலை ஏறிய ராஜ்தூத்: இடது சிலிண்டர் மட்டும் ஏன் நின்றது?

சேந்தமங்கலத்திலிருந்து காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளிக்குப் போகிற சாலையில், விடியற்காலை 5.30 மணிக்கு எதிரே வருவது பெரும்பாலும் பால் வண்டியும் முட்டை வண்டியும்தான். வைகாசி மாத வெள்ளிக்கிழமை ஒன்றில் அந்தச் சாலையில் வேறொரு சத்தம் கேட்டது. புதுத் துணியை விடாமல் கிழிப்பது போன்ற சத்தம். வயதானவர்களுக்கு அது என்ன வண்டி என்று திரும்பிப் பார்க்காமலே தெரியும். ராஜ்தூத் 350.

ஓட்டியவர் மரவள்ளியும் சின்ன வெங்காயமும் போடுகிற 3 ஏக்கர் விவசாயி. பின்னால் உட்கார்ந்திருந்தவர் அவருடைய அப்பா, 74 வயது. வண்டி அப்பாவுடையது. 1986-ல் வாங்கியது. அந்தக் காலத்தில் விவசாயத்தோடு மிளகு வியாபாரமும் பார்த்தவர் அவர். சோளக்காட்டுச் சந்தையில் மிளகு வாங்கி, மூட்டையைப் பின்னால் கட்டி இறக்குவதற்கு, சின்ன வண்டிகள் வளைவுக்கு வளைவு மூச்சு வாங்கியபோது இது ஒன்றுதான் சளைக்காமல் ஏறியது என்பார். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டால் மட்டும் பேச்சை மாற்றிவிடுவார். பெட்ரோல் குடிக்கிற விஷயத்தில் அந்த வண்டிக்கு அன்றும் நல்ல பெயர் கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை வண்டியைப் பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து ஆள் வருவதாக இருந்தது. பேத்திக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. முதல் வருடக் கட்டணத்தை ஜூன் கடைசிக்குள் கட்ட வேண்டும். பழைய வண்டி சேர்ப்பவர்களிடம் இந்த ராஜ்தூத்துக்கு இன்று நல்ல விலை உண்டு. போனில் பேசிய விலை கட்டணத்துக்குச் சரியாக இருந்தது. ஒரே இடைஞ்சல், வண்டி பத்துப் பதினைந்து கிலோமீட்டர் ஓடிச் சூடானதும் ஒரு சிலிண்டர் அடிப்பதை நிறுத்திவிடும். டவுனில் ஒரு மெக்கானிக் கிக்கரை நாலு தடவை மிதித்துப் பார்த்துவிட்டு, "கம்ப்ரஷன் போச்சு, ரிங் தேஞ்சிருச்சு. இன்ஜினை எறக்கணும், 30,000-த்துக்குக் கொறையாது" என்றார். வாங்க வருகிறவரிடம் உள்ளதைச் சொன்னால் விலை பாதியாகும். சொல்லாமல் விற்க அப்பாவுக்கு மனமில்லை.

"எப்படியும் ஞாயித்துக்கெழம போயிரும். அதுக்கு முன்ன ஒருக்கா மேல போயிட்டு வந்தர்லாமுடா கண்ணு. அப்படியே ரெண்டு பலாப்பழம் எடுத்துக்கலாம்" என்று அப்பா கேட்டதற்குத்தான் இந்தப் பயணம். மெதுவாகப் போனால் சமாளிக்கலாம் என்று மகனும் ஒப்புக்கொண்டார்.

காரவள்ளி வனத்துறை சோதனைச் சாவடியைத் தாண்டியதும் ஏற்றம் தொடங்குகிறது. நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டாகத் தனித்து நிற்கிறது கொல்லிமலை. இந்தப் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொரு வளைவுக்கும் எண் போட்ட பலகை உண்டு. கீழே வறண்ட காடு, பாறை, குரங்குக் கூட்டம். வளைவு ஏறஏறக் காற்று குளிரும். பாதிக்கு மேல் போய்த் திரும்பிப் பார்த்தால், கீழே வயல்களும் ஏரிகளும் கோழிப்பண்ணைக் கூரைகளும் பாய் விரித்தது போலத் தெரியும். விடுமுறை நாட்களில் பெங்களூர், சென்னையிலிருந்து பைக்கில் கூட்டமாக வருகிற பையன்கள் வளைவை ரேஸ் மைதானமாக நினைத்துக்கொள்கிறார்கள். உள்ளூர் ஆட்கள் அப்படி ஓட்டுவதில்லை. மேலிருந்து பலாப்பழமும் வாழைத்தாரும் ஏற்றிய லாரி எந்த வளைவிலும் எதிர்ப்படலாம். ஏறுகிற வண்டிக்கு வழிவிட்டு நிற்பதுதான் மலைப்பாதை மரியாதை.

சிக்கல் 31-வது வளைவில் வந்தது. துணி கிழிக்கிற சத்தம் நின்று, நெல் குத்துவது போல 'டப்... டப்...' என்று தனித்தனியாகக் கேட்டது. இரண்டாம் கியரில்கூட இழுவை இல்லை.

"நிறுத்து கண்ணு. ஒண்ணு படுத்துருச்சு" என்றார் அப்பா. மகன் ஓரங்கட்டினார். இருபது நிமிடம் கழித்துக் கிக்கரை மிதித்தால், ஒன்றுமே நடக்காதது போல இரண்டும் அடித்தன. ஏழெட்டு வளைவு போனதும் மறுபடியும் அதே கதை. இப்படி மூன்று இடத்தில் நிறுத்தி, ஆறவைத்து, ஏறினார்கள். அப்பா ஆறவைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. ஒற்றை சிலிண்டரில் இழுத்துக்கொண்டே போனால், நல்ல சிலிண்டர் இரண்டு பேர் வேலையைச் செய்யும். அதுவும் சூடேறிப் பிஸ்டன் பிடித்துக்கொண்டால், பின் சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். அதனால்தான் பழைய ஆட்கள் டூ-ஸ்ட்ரோக் வண்டியில் இரண்டு விரலைக் கிளட்ச் மேலேயே வைத்திருப்பார்கள். சத்தம் மாறியதும் கிளட்சைப் பிடித்துவிட்டால் வண்டி உருளும், விழமாட்டார்கள்.

கடைசி வளைவு தாண்டி சோளக்காடு. சந்தையில் அன்று பலாப்பழம் மலை மாதிரிக் குவிந்திருந்தது. அன்னாசி, மலைவாழை, மிளகு, காப்பிக் கொட்டை. கேழ்வரகும் சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இப்போது மரவள்ளிதான் அதிகம். சேலம், நாமக்கல் பக்கத்து ஜவ்வரிசி ஆலைகளுக்கு இறங்குகிறது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்க, நிழலில் காப்பிச் செடி நிற்கிற தோட்டங்கள் செம்மேட்டுப் பக்கம் போகிற வழியெல்லாம் உண்டு. அறப்பளீஸ்வரர் கோயிலுக்கும் ஆகாய கங்கைக்கும் போகிறவர்கள் இங்கே டீ குடித்துவிட்டுத்தான் நகர்வார்கள்.

சந்தையை ஒட்டி, தகரக் கூரை போட்ட சின்னக் கடை. பலகை கிடையாது. வாசலில் பவர் ஸ்பிரேயர் நான்கு, பிரஷ் கட்டர் இரண்டு, மரம் அறுக்கிற செயின் சா ஒன்று. தோட்டங்களின் டூ-ஸ்ட்ரோக் இயந்திரங்களை 30 வருடமாகப் பார்க்கிற மெக்கானிக் அவர். வண்டியைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"வாங்கய்யா. இந்த வண்டிய மேல பாத்து எத்தன வருசம் ஆச்சு! ஆறவெக்காதீங்க தம்பி. காய்ச்ச இருக்கறப்பத்தான் நோயாளியப் பாக்கணும்."

அவர் முதலில் எடுத்தது ஸ்பேனர் இல்லை. ஒரு சொம்புத் தண்ணீர். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, சிலிண்டரிலிருந்து சைலன்சர் புறப்படுகிற இடத்தில் இரண்டு பக்கமும் விரலால் தண்ணீர் தெளித்தார். வலது குழாயில் 'சுர்' என்று துள்ளி ஆவியானது. இடது குழாயில் தண்ணீர் நின்று, மெதுவாகக் காய்ந்தது. படுத்துக்கிடப்பது இடது பக்கம் என்பது உறுதியானது. சத்தத்தை மட்டும் கேட்டு எந்தப் பக்கம் என்று சொல்வது நல்ல மெக்கானிக்குக்கும் கஷ்டம். தண்ணீர் பொய் சொல்லாது.

அதற்குப் பிறகு அவர் கேட்ட கேள்வி முக்கியமானது. "தம்பி, உங்க காட்டுல சொட்டுநீர் போட்டிருக்கீங்களா? ஒரே ஒரு லேட்டரல்ல மட்டும் தண்ணி வரலைன்னா மோட்டாரக் கழட்டுவீங்களா?"

"அந்த லேட்டரலத்தானுங்ணா பாப்பம்."

"அதேதான் இங்கயும்."

இந்த ஒரு பேச்சில் பாதி வேலை முடிந்துவிட்டது. இந்த வண்டி, யமஹாவின் ஆர்.டி.350-ஐ எஸ்கார்ட்ஸ் நிறுவனம் ராஜ்தூத் 350 என்ற பெயரில் 1983 முதல் இங்கே தயாரித்து விற்றது. 347 சி.சி., 6 கியர். இரண்டு பிஸ்டன்களில் ஒன்று மேலே போகும்போது மற்றது கீழே வரும். பெட்ரோல் டேங்க், பேட்டரி, சாவி சுவிட்ச், காற்று வடிகட்டி, ஆயில் டேங்க் எல்லாம் இரண்டு சிலிண்டருக்கும் பொது. கார்ப்பரேட்டர், காயில், பிளக், பாயிண்ட், கண்டன்சர், ரிங், சைலன்சர் ஆகியவை பக்கத்துக்கு ஒன்று. பொதுவானதில் கோளாறு என்றால் இரண்டு பக்கமும் படுக்கும். மலை உயரத்தில் காற்று மெலிந்து பெட்ரோல் கலவை தடித்துப்போவதும் இரண்டு பக்கத்துக்கும் பொதுதான். ஒரு பக்கம் மட்டும் படுத்தால், அந்தப் பக்கத்துக்கென்று தனியாக இருப்பதில்தான் கை வைக்க வேண்டும். இதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. பக்கத்திலேயே நன்றாக ஓடுகிற ஒரு சிலிண்டர், சோதித்துப் பார்க்க உதிரி பாகங்களோடு நிற்கிறது! ஒரு பொருளை இடவலமாக மாற்றிப் போட்டால் போதும். கோளாறு அதோடு சேர்ந்து மறுபக்கம் போனால் அந்தப் பொருள் குற்றவாளி. போகாமல் இடதிலேயே நின்றால் அந்தப் பொருள் நல்லது.

இன்ஜினை அணைத்து, துணியால் பிடித்துப் பிளக் இரண்டையும் கழற்றினார். வலது பிளக்கின் முனை வறுத்த காப்பிக் கொட்டை நிறம். நன்றாக எரிகிறது என்று அர்த்தம். இடது பிளக் கறுப்பாக, பெட்ரோல் வாடையோடு நனைந்திருந்தது.

"பாருங்கய்யா, பெட்ரோல் வருது. வந்தது எரியல. ஈரம் இல்லாம வெள்ளையா காஞ்சு இருந்தா கார்ப்பரேட்டருக்குப் போயிருப்பேன். அது ரொம்ப ஆபத்தான நெறம். பெட்ரோல் கொறைவா, காத்து அதிகமா போகுதுன்னு அர்த்தம். அப்படியே ஓட்டுனா பிஸ்டன் ஓட்ட விழுந்துரும்."

அடுத்தது, டவுன் மெக்கானிக் சொன்ன கம்ப்ரஷன். சாவியை அணைத்துவிட்டு, பிளக் ஓட்டையில் கட்டை விரலை அழுத்தி மகனைக் கிக்கர் மிதிக்கச் சொன்னார். வலதில் விரலை எந்த அளவு தள்ளியதோ, இடதிலும் அதே அளவு தள்ளியது. அளவுக் கருவி இருந்தால் இன்னும் துல்லியமாகத் தெரியும். ஆனால் இரண்டு பக்கத்தையும் ஒப்பிட விரல் போதும். ரிங் தேய்ந்து ஒரு பக்கமே அடிக்காமல் போகும் அளவுக்கு இருந்தால், காலையில் பச்சைத் தண்ணீர் போலக் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் ஆகத் தகராறு செய்திருக்கும். இந்த வண்டி காலையில் முதல் மிதியிலேயே ஸ்டார்ட் ஆனது.

அப்பா அப்போதுதான் கடை பெஞ்சில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார். 30,000 ரூபாய் தப்பித்தது என்று அவர் வாயைத் திறந்து சொல்லவில்லை. டீ மட்டும் மூன்று சொன்னார்.

பிளக்குகளை மாற்றிப் போட்டார்கள். ஸ்டார்ட் செய்தால், இடதுதான் படுத்தது. ஆக, பிளக் நல்லது. பிளக்கை வயரோடு சிலிண்டர் தலையில் படும்படி வைத்து, சாக்குப் படுதாவை நிழலுக்குப் பிடித்துக்கொண்டு, கிக்கரை மிதித்துப் பொறியைப் பார்த்தார். வலதில் நீல நிறத்தில் 'டிக் டிக்' என்று காதுக்குக் கேட்கிற பொறி. இடதில் மெல்லிய மஞ்சள், பாதி நேரம் அதுவும் இல்லை. இப்படிப் பார்க்கும்போது இரண்டு எச்சரிக்கை. பிளக்கின் உடல் கண்டிப்பாக இரும்பில் பட்டிருக்க வேண்டும். அந்தரத்தில் தொங்கவிட்டு மிதித்தால் காயில் கெட்டுப்போகும். பிளக் ஓட்டையை விட்டுத் தள்ளி வைத்துத்தான் மிதிக்க வேண்டும். உள்ளேயிருந்து பெட்ரோல் ஆவி பீய்ச்சி வரும், பொறி பட்டால் கை வெந்துவிடும்.

பொறி பலவீனம் என்று தெரிந்ததும் காயிலை மாற்ற வேண்டிய முறை. காயிலைக் கழற்றக்கூட இல்லை. பாயிண்டிலிருந்து காயிலுக்கு வருகிற வயர்களை இடவலமாக மாற்றி, பிளக் வயர்களையும் அதே மாதிரி மாற்றிச் சொருகினார். இப்போது இடது சிலிண்டருக்கு வலது காயில் வேலை செய்யும். இரண்டையும் சேர்த்து மாற்றுவது கட்டாயம். ஒன்றை மட்டும் மாற்றினால், பிஸ்டன் கீழே கிடக்கிற நேரத்தில் பொறி வந்து எதுவுமே அடிக்காது. புதிதாகப் பழகுகிறவர்கள் இந்த இடத்தில்தான் குழம்பிப்போய் இன்ஜினே போய்விட்டது என்று முடிவு கட்டுவார்கள். ஸ்டார்ட் செய்தார்கள். மறுபடியும் இடது. காயிலும் நல்லது.

மீதி இருந்தது பாயிண்டும் கண்டன்சரும். இடது பக்க மூடியைக் கழற்றினால் பாயிண்ட் இரண்டும் கண் முன்னால். வலது பாயிண்டின் முகம் மங்கிய சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தது. இடது பாயிண்ட் கருகி, ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் மேடுமாக இருந்தது. இடைவெளியை ஃபில்லர் கேஜ் விட்டுப் பார்த்தார். 0.3-லிருந்து 0.4 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும், சரியாகவே இருந்தது. மெல்லிய உப்புத்தாளை மடித்து இழுத்துச் சுத்தம் செய்து, பெட்ரோல் நனைத்த துணியால் துடைத்தார். ஸ்டார்ட் செய்ததும் இரண்டும் அடித்தன.

மகன் முகம் மலர்ந்தது. மெக்கானிக் மட்டும் அசையவில்லை. "பொறுங்க தம்பி. பாயிண்டு தானாக் கருகாது. கருக வெச்சவன் உள்ள இருக்கான்."

நாலு நிமிடம் ஓடியது. சத்தம் உடைந்தது. "இப்பப் பாருங்க" என்று சாக்கை மேலே போர்த்தி இருட்டாக்கினார். வலது பாயிண்டில் தெரிந்தும் தெரியாமலும் ஒரு மினுக்கு. இடது பாயிண்டில் வெல்டிங் அடிப்பது போல நீலமாகக் கொட்டியது.

கண்டன்சர்.

இது என்ன வேலை செய்கிறது என்பதை அவர் பெரியவருக்குச் சொன்ன விதம், கிணறு வைத்திருக்கிற எவருக்கும் புரியும். ஓடிக்கொண்டிருக்கிற மோட்டார் சட்டென்று நின்றால், குழாயில் போய்க்கொண்டிருந்த தண்ணீர் திரும்பி வந்து வால்வில் 'டமார்' என்று அடிக்கும். தண்ணீர் திடீரென நிற்பதால்தான் அந்த அடி. மெதுவாக நின்றால் அடி இருக்காது. காயிலிலும் அப்படித்தான். பாயிண்ட் மூடியிருக்கும்போது பேட்டரி மின்சாரம் காயிலில் ஓடுகிறது. பாயிண்ட் திறந்ததும் அது சட்டென்று நிற்க வேண்டும். நின்றால்தான் காயிலின் மறுபக்கத்தில் பல்லாயிரம் வோல்ட் எழும்பிப் பிளக்கில் பொறியாகும். ஆனால் ஓடுகிற மின்சாரம் எளிதில் நிற்காது; திறந்த இடைவெளியைத் தாவிக் கடக்கப் பார்க்கும். அந்தக் கண நேரத்தில் அதை வாங்கி வைத்துக்கொள்கிற சின்னத் தொட்டிதான் கண்டன்சர். தொட்டி பழுதானால் மின்சாரம் பாயிண்டிலேயே பொறியாகச் சிந்திவிடும். பாயிண்ட் கருகும், பிளக் பட்டினி கிடக்கும். உள்ளே மெல்லிய தகடும் தாளும் சுருட்டிய உருளை அது. பழையதானால் குளிர்ந்திருக்கும்போது நன்றாக இருந்து, சூடு ஏறியதும் கைவிடுவது அதற்கு வழக்கமான வியாதி. ஆறியதும் திரும்ப நல்லபிள்ளை ஆகிவிடும். டவுனில் நிறுத்திவைத்துப் பார்த்தவர்கள் கையில் சிக்காததற்கு இதுதான் காரணம்.

சோளக்காட்டில் ராஜ்தூத் கண்டன்சருக்கு எங்கே போவது? மெக்கானிக் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கவிழ்த்தார். பழைய அம்பாசிடர் கார் ஒன்றிலிருந்து எடுத்து வைத்த கண்டன்சர் கிடைத்தது. பாயிண்ட் வைத்த பழைய பெட்ரோல் வண்டிகளின் கண்டன்சர்கள் பெரும்பாலும் ஏறக்குறைய ஒரே அளவுதான்; அவசரத்துக்கு ஒன்றுக்கொன்று உதவும். இடது பக்கத்துப் பழைய கண்டன்சரின் வயரைத் துண்டித்துவிட்டு, புதியதின் வயரைப் பாயிண்ட் வயரோடு சேர்த்தார். கண்டன்சரின் உடல் இரும்பில் நன்றாகப் படுவதற்காகப் பெயிண்டைச் சுரண்டி, போல்ட்டோடு முறுக்கினார். இன்ஜின் சூடு படாத இடமாகப் பார்த்துச் சட்டத்தில் வைத்தார். பழைய வயரைத் துண்டிக்காமல் பக்கத்தில் புதியதை மாட்டிப் பயனில்லை. கெட்டது உள்ளே இருக்கும்வரை கெடுதல் செய்துகொண்டுதான் இருக்கும்.

ஸ்டார்ட் செய்து, சாக்கைப் போர்த்திப் பார்த்தார்கள். இரண்டு பாயிண்டும் அமைதி. தண்ணீர் தெளித்தார். இரண்டு குழாயிலும் 'சுர்'.

அதோடு விட்டுவிடவில்லை அவர். மகனைப் பின்னால் உட்காரவைத்துச் செம்மேடு வரை போய், வல்வில் ஓரி சிலையைச் சுற்றித் திரும்பி வந்தார். சூடானபின் வருகிற கோளாறு சூடானபின் வரவில்லை என்று பார்த்தால்தானே தீர்ந்ததாக அர்த்தம்? வந்து இறங்கியதும் சொன்னார்: "பாயிண்டத் தேச்சிருக்கேன். கீழ போயி ரெண்டு பக்கமும் டைமிங் வெச்சுக்குங்க. பிஸ்டன் உச்சிக்கு வர்றதுக்கு 2 மில்லிமீட்டர் முன்ன பாயிண்டு தொறக்கணும். அத டயல் கேஜ் போட்டுத்தான் வெக்கணும், எங்கிட்ட அது இல்ல. கண்ணால வெக்கலாம்னு யாராச்சும் சொன்னா விடாதீங்க."

எண்ணெய் சீல் பற்றியும் சொன்னார். கண்டன்சர் மட்டும் இல்லையென்றால் அடுத்து அதைத்தான் பார்த்திருப்பார். வலது பக்கக் கிராங்க் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி அந்தப் பக்கச் சைலன்சர் மட்டும் வெள்ளையாகப் புகையும்; கியர் ஆயில் அளவு இறங்கிக்கொண்டே வரும். இடது சீல் போனால் புகை இருக்காது. வெளிக்காற்றை உறிஞ்சி, ஆக்சிலேட்டரை விட்டாலும் இன்ஜின் தானாக உறுமும். இரண்டாவதுதான் பிஸ்டனைத் தின்கிற நோய்.

கூலி எவ்வளவு என்று கேட்டதற்கு 300 ரூபாய் வாங்கிக்கொண்டார். கண்டன்சருக்குக் காசு வேண்டாம் என்றுவிட்டார். அதற்குள் சந்தைக்கு வந்திருந்த தோட்டக்காரர் ஒருவர் பிரஷ் கட்டரைத் தூக்கிக்கொண்டு நின்றார். சூடானால் நின்றுவிடுகிறதாம். அதையும் அவர் பிளக்கிலிருந்தே தொடங்கினார். இப்போதைய ஸ்பிரேயர், பிரஷ் கட்டர்களில் பாயிண்டும் கண்டன்சரும் கிடையாது, எலக்ட்ரானிக் இக்னிஷன். ஆனால் பிளக்கின் நிறம், பொறியின் நிறம், பெட்ரோல் வரவு, மூடியின் காற்றுத் துளை என்று பார்க்கிற வரிசை மாறாது. அந்தக் கட்டரின் டேங்க் மூடியைக் கொஞ்சம் தளர்த்தியதும் ஓடியது. காற்றுத் துளையில் மண். கூடவே ஒரு திட்டும் விழுந்தது. "50-க்கு 1-னு கம்பெனி போட்டிருக்கான். லிட்டருக்கு 20 மில்லி ஆயில். நீங்க கண்ணளவுல ஊத்திட்டு, மிசினக் கொற சொல்றீங்க." போன பருவத்துப் பெட்ரோலை டேங்கிலேயே விட்டுவைக்கிற பழக்கத்துக்கும் சேர்த்துத் திட்டினார். எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். மாதக்கணக்கில் கிடந்தால் அடியில் தண்ணீர் பிரிந்து நிற்கும், பழைய ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும்.

பலாப்பழம் இரண்டைச் சாக்கில் கட்டிக்கொண்டு மதியம் இறங்கினார்கள். இறக்கத்தில் அப்பா ஓட்டினார். மகன் தடுத்துப் பார்த்தார், கேட்கவில்லை. டூ-ஸ்ட்ரோக் வண்டியை மலையில் இறக்குவதில் ஒரு நுணுக்கம் உண்டு. ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரில் இறங்கிக்கொண்டே இருந்தால் சக்கரம் இன்ஜினை வேகமாகச் சுற்றும். ஆனால் பெட்ரோலும் ஆயிலும் சொட்டுச் சொட்டாகத்தான் போகும். நீண்ட இறக்கத்தில் அதுவே பிஸ்டனைப் பிடிக்க வைக்கும். பெரியவர் ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஒரு தடவை கிளட்ச் பிடித்து, ஆக்சிலேட்டரை லேசாகத் திருகி விட்டார். 'ர்ரிங்' என்று ஒரு சத்தம். எழுபது வளைவிலும் அந்தச் சத்தம் கேட்டது. 1986-லிருந்து பழகிய கை.

சனிக்கிழமை நாமக்கல்லில் டயல் கேஜ் வைத்திருக்கிற லேத் கடையில் டைமிங் வைத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குக் கோயம்புத்தூர்க்காரர் வந்தார். ஓட்டிப் பார்க்கிறேன் என்றவரிடம், பக்கத்துத் தெருவைச் சுற்றினால் போதாது, காரவள்ளி வரைக்கும் போய்ச் சூடாக்கிக் கொண்டுவாருங்கள் என்று பெரியவரே சொல்லி அனுப்பினார். திரும்பி வந்ததும் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு குழாயிலும் தெளித்துக் காட்டினார். சட்டத்தில் போல்ட் போட்டிருக்கிற அம்பாசிடர் கண்டன்சரைத் தொட்டுக் காட்டி, எந்த ஊரில் யார் போட்டது, ஏன் போட்டது என்று ஒன்று விடாமல் சொன்னார். வந்தவர் அதைக் கேட்டுவிட்டு விலையைக் குறைக்கவில்லை. பேசிய பணத்தை அப்படியே வங்கிக் கணக்கில் போட்டுவிட்டு, ஆர்.சி. மாற்றுகிற படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

"அப்பாரு, ஒரு போட்டோ" என்று பேத்தி வண்டி பக்கத்தில் நிற்கச் சொன்னாள். நின்றார். டெம்போவில் ஏற்றிக் கயிறு கட்டும்போது, கண்டன்சர் வயரில் கயிறு உரசாமல் இருக்கிறதா என்று மட்டும் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

டெம்போ சேந்தமங்கலம் பக்கம் திரும்பிப் போன பிறகு, தொழுவத்து மூலையில் கிடந்த பவர் ஸ்பிரேயரை வெளியே இழுத்துப் போட்டார். போன வருடம் வெங்காயத்துக்கு மருந்தடிக்கும்போது பாதியில் நின்றது. பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கறுப்பாக இருந்தது. மகனைக் கூப்பிட்டு, ஒரு சாக்கும் சொம்புத் தண்ணீரும் எடுத்துவரச் சொன்னார்.